கடைக் கணனிக்கு இன்னொரு திரை: யூ.எஸ்.பி. அடப்டர் வாங்கு முன்...

பெருநாளைக்கு முந்திய பத்து நாட்கள் எப்படிப்பட்டவை என்பதை மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கவுண்டரில் ஆட்கள் மூன்று வரிசையாக நிற்பார்கள். வாசலில் லொறி நிற்கும். நோன்பு திறக்கும் நேரமும் நெருங்கிக் கொண்டிருக்கும். 2023 ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் அப்படியொரு மாலையில் எமது கடையிலிருந்து நாலு இலட்சத்துச் சொச்சம் ரூபா பெறுமதியான பிளாஸ்டிக் சாமான் வெளியூர்க் கடையொன்றுக்கு ஏற்றிப் போனது. அந்தக் கடைக்காரர் தந்திருந்த இரண்டு செக் அதற்கு முந்திய வாரமே வங்கியிலிருந்து திரும்பி வந்திருந்தன. அந்த விடயம் எமது கணனியில் பதியப்பட்டும் இருந்தது. பில் போட்ட தம்பி அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் சத்தம் போட்டபோது அவர் சொன்ன பதில் இதுதான்: "பில் பக்கத்த விட்டுட்டு கடன் பக்கத்துக்குப் போய் வர ஏலாது முதலாளி. ஒவ்வொரு பேரா தேடிப் பார்த்தா பில் பாதியில நிக்கும், சனம் கத்தும்."

கோபம் தணிந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கவுண்டரில் இருந்தது பதினைந்து அங்குலத் திரையுள்ள ஒரு மடிக்கணனி. ஒரே மேசையில் இரண்டு கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மேலே உள்ளது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். புனித குர்ஆனின் மிக நீளமான வசனமே, அதாவது ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்பதை நாம் எல்லோரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். நாங்களும் எழுதித்தான் வைத்திருந்தோம். அடுத்த சாமானைக் கொடுக்கும் நேரத்தில் அந்த எழுத்து கண்ணுக்கு முன்னால் இருக்கவில்லை.

எனவே பில் ஒரு திரையிலும் கடன் கணக்கு இன்னொரு திரையிலும் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இதற்காகப் புதிய கணனி வாங்க வேண்டியதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவையும் தாண்டிப் போன பிறகு, புதிய கணனி என்ற பேச்சை எடுக்கவே பலருக்குப் பயமாக இருந்தது. ஆனால் மேலதிக மொனிட்டர் ஒன்று பலருடைய வீட்டிலும் ஸ்டோரிலும் தூசு பிடித்துக் கிடக்கிறது. அதை எப்படிக் கணனியோடு இணைப்பது என்பதில்தான் நான் காசையும் நேரத்தையும் வீணாக்கிப் பாடம் படித்தேன். அதை இங்கு எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவதல்ல. கணனியின் பின்பக்கத்தைப் பார்ப்பது. மேசைக் கணனிகள் பலவற்றில் மொனிட்டருக்கான துவாரங்கள் இரண்டு அல்லது மூன்று இருக்கும். ஒன்று வி.ஜி.ஏ., மற்றது எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளே போர்ட். ஒன்றில் மொனிட்டரைச் செருகிவிட்டு மற்றதை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. 2012 இல் வெளிவந்த இன்டெல் மூன்றாம் தலைமுறைக் கோர் வகையிலிருந்தே, தனியான கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலேயே மூன்று திரைகள் வரை இயக்கும் வசதி வந்துவிட்டது. எத்தனை துவாரம் வைத்திருக்கிறார்கள் என்பது கணனிக்குக் கணனி வேறுபடும். துவாரம் இருந்தால் ஒரு கேபிளோடு வேலை முடிந்தது. மேசைக் கணனியில் துவாரம் போதாவிட்டாலும், உள்ளே இடம் இருந்தால் இரண்டு மூன்று துவாரமுள்ள சாதாரண கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பூட்டலாம். அதுவே உறுதியான வழி.

எமக்கு அந்த வழி இருக்கவில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில்தான், பற்றரியில் ஓடட்டும் என்று கவுண்டருக்கு மடிக்கணனியைக் கொண்டுவந்தோம். மடிக்கணனிக்குள் கார்ட் பூட்ட முடியாது. அதில் இருந்த ஒரேயொரு எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் வாடிக்கையாளருக்குக் காட்டும் மொனிட்டர் ஏற்கனவே செருகப்பட்டிருந்தது. நாம் அடிக்கும் எண்ணிக்கையையும் விலையையும் வாங்குபவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்தது அது. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றித் தனியாக ஒரு ஸூராவே இருக்கும்போது, அந்த மொனிட்டரைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. இப்படியான இடத்துக்குத்தான் யூ.எஸ்.பி. டிஸ்ப்ளே அடப்டர் பொருத்தமானது. ஒரு பக்கம் யூ.எஸ்.பி. முனை, மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. துவாரம். பார்க்க ஒரு தீப்பெட்டி அளவுதான்.

நான் செய்த பிழை, அதைக் 'கிராபிக்ஸ் கார்ட்' என்று விளங்கிக் கொண்டதுதான். மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கி, பார்கோட் மெஷினும் பிரின்டரும் ஏற்கனவே தொங்கிக் கொண்டிருந்த ஒரு சிறிய யூ.எஸ்.பி. ஹப்பில் செருகினோம். திரையில் படம் வந்தது. எழுத்துக்கள் எல்லாம் பூசணிக்காய் போலப் பெரிதாக இருந்தன. மவுஸை இழுத்தால் அம்புக்குறி அரை விநாடி கழித்துத்தான் பின்னால் வந்தது. பிரின்டர் வேலை செய்யும்போது திரை கறுத்துவிடும். திருப்பிக் கொடுக்கப் போனேன். "படம் வருதுதானே ஹாஜி, பிறகு என்ன?" என்றார் விற்றவர். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

கணனித் துறையில் வேலை செய்யும் என் சகோதரியின் மகன் அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். "மாமா, இது கார்ட் இல்ல. இது லொறி" என்றார். அவர் சொல்லித் தந்ததை எங்கள் வியாபார பாஷையில் சொல்கிறேன்.

முழு எச்.டி. திரை ஒன்றில் குறுக்காக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் உண்டு. பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுத 24 பிட் வேண்டும். இதை விநாடிக்கு 60 தடவை அனுப்புவதென்றால் ஏறத்தாழ 300 கோடி பிட். இப்போது பாதையைப் பாருங்கள். 2000 ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 இல் விநாடிக்கு ஆகக் கூடியது 48 கோடி பிட் போகலாம். 2008 இல் வந்த யூ.எஸ்.பி. 3.0 இல் 500 கோடி. அதாவது பழைய யூ.எஸ்.பி. பாதையில் தேவையானதன் ஆறில் ஒரு பங்கு கூடப் போகாது.

பிறகு எப்படி அந்தப் பாதையிலும் சில அடப்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன? வாளி வியாபாரம் செய்பவனுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. ஆயிரம் வாளிகளைத் தனித்தனியாக லொறியில் போட்டால் நூறு கூடக் கொள்ளாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஆயிரமும் போகும். அத்துடன், கிளைக் கடைக்கு ஒவ்வொரு நாளும் முழு ஸ்டோரையும் அனுப்புவதில்லை, விற்றுக் குறைந்ததை மட்டும்தான் அனுப்புகிறோம். நல்ல அடப்டர் செய்வதும் இந்த இரண்டையும்தான். படத்தை வரைவது கணனியேதான். அடப்டருக்குரிய டிரைவர் சொப்ட்வெயார், திரையில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் சுருக்கிப் பொதி செய்து யூ.எஸ்.பி. வழியாக அனுப்புகிறது. அடப்டருக்குள் இருக்கும் சிப் பொதியைப் பிரித்து மொனிட்டருக்குக் கொடுக்கிறது.

இந்த முறையில் பேர் பெற்றது டிஸ்ப்ளேலிங்க். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2003 இல் தொடங்கிய கம்பனி அது. 2020 இல் அமெரிக்காவின் சினாப்டிக்ஸ் கம்பனி அதை வாங்கியது. அடப்டரின் பெட்டியில் வேறு எந்தக் கம்பனியின் பேர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப் யாருடையது என்றுதான் கேட்க வேண்டும். சில மலிவு வகைகளில் இப்படிச் சுருக்கும் வேலையே இல்லை. வாளிகளை அப்படியே அள்ளிப் போட்டு அனுப்பும். அவற்றுக்கு யூ.எஸ்.பி. 3.0 என்ற அகலப் பாதை கட்டாயம். பழைய துவாரத்தில் செருகினால் படம் சிறிய அளவுக்கு இறங்கிவிடும். எமது பூசணிக்காய் எழுத்துக்களின் இரகசியம் இதுதான்.

எமது மடிக்கணனியின் இடது பக்கத்தில் நீல நிறமான இரண்டு யூ.எஸ்.பி. துவாரங்கள் சும்மா இருந்தன. நீலம் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3.0 இன் அடையாளம். சில கணனிகளில் நிறம் இருக்காது, பக்கத்தில் இரண்டு 'எஸ்' எழுத்து இருக்கும். நாங்கள் வலது பக்கத்துக் கறுப்புத் துவாரத்தில், அதுவும் ஹப்பில் செருகியிருந்தோம். ஹப்பில் செருகினால் பாதையை எல்லோரும் பங்கு போடுகிறார்கள். மின்சாரத்தையும் பங்கு போடுகிறார்கள். யூ.எஸ்.பி. 2.0 துவாரம் ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லிஅம்பியர், 3.0 துவாரம் தருவது 900. பிரின்டர் ஓடும்போது திரை கறுத்ததில் அதிசயமில்லை. அடப்டரை நேராகக் கணனியில் செருகுங்கள். ஹப் இல்லாமல் முடியாது என்றால் தனியாக மின்சாரம் கொடுக்கும் ஹப்பாகப் பாருங்கள்.

இரண்டாவதாக டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள ஒன்றை, முதல் வாங்கியதைப் போல நாலு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். இந்த முறை வாங்கும்போதே பேசிக் கொண்டேன்: மூன்று நாள் கடையில் போட்டுப் பார்ப்பேன், சரிவராவிட்டால் திருப்பித் தருவேன். எமது ஷாபிஈ மத்ஹபில் 'கியாருஷ் ஷர்த்' என்று இதற்கு இடம் இருக்கிறது, மூன்று நாள்தான் அதன் எல்லை. மத்ரஸாவில் ஓதியதை நாமே கடைக்குப் போகும்போது மறந்து விடுகிறோம்! விற்பவரும் தயங்காமல் ஒப்புக்கொண்டார். குறையைச் சொல்லி விற்பது கடமை என்று தெரிந்தவர் போலும். "வீடியோ பார்க்க, கேம் விளையாட என்றால் இதை வாங்க வேண்டாம்" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது சரி. பொதி செய்யும் கூலியாள் வேறு யாருமல்ல, உங்கள் கணனியின் புரொசஸர்தான். கடன் கணக்கு, எக்ஸல், மின்னஞ்சல், வங்கிப் பக்கம் போன்றவற்றில் திரையில் மாறுவது கொஞ்சம்தான், ஆகவே கூலியாளுக்கு வேலையும் கொஞ்சம்தான். வீடியோ ஓடினால் முழுத்திரையும் விநாடிக்குப் பல தடவை மாறுகிறது. பழைய கணனி மூச்சு வாங்கும். சாமான்களின் விளம்பர வீடியோவை இந்த அடப்டர் வழியாக ஓட விட்டுப் பார்த்தேன். பில் போடும் வேகமே குறைந்து போனது. வீடியோ ஓடும் திரைக்குக் கணனியின் சொந்த எச்.டி.எம்.ஐ. துவாரத்தையும், கணக்குத் திரைக்கு அடப்டரையும் கொடுப்பதே முறை.

வாங்கப் போகும் சகோதரர்கள் ஏமாறக்கூடிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. 'எச்.டி.எம்.ஐ. கெப்சர்' என்று ஒரு சாமான் இருக்கிறது. அதுவும் யூ.எஸ்.பி. முனையும் எச்.டி.எம்.ஐ. துவாரமும் கொண்டதுதான், அச்சு அசல் இதே தோற்றம். ஆனால் அது கெமராவிலிருந்து படத்தைக் கணனிக்குள் எடுப்பது, வெளியே அனுப்பாது. அதேபோல, ஒரு முனையில் சாதாரண யூ.எஸ்.பி., மறுமுனையில் எச்.டி.எம்.ஐ. உள்ள வெறும் கேபிளும் விற்பனைக்கு வருகிறது. சாதாரண யூ.எஸ்.பி. துவாரத்தில் படச் சமிக்ஞை என்று ஒன்றே கிடையாது, இடையில் சிப் இல்லாத வெறும் கம்பியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

டைப்-சி துவாரத்தின் கதை வேறு. சில மடிக்கணனிகளில் கணனியின் சொந்தக் கிராபிக்ஸே டைப்-சி வழியாக வெளியே வரும். 2014 இல் வந்த ஏற்பாடு இது. அப்படியானால் மலிவான டைப்-சி – எச்.டி.எம்.ஐ. அடப்டரே போதும், டிரைவரும் வேண்டாம், வீடியோவும் தடையில்லாமல் ஓடும். ஆனால் எல்லா டைப்-சியும் அப்படியல்ல. துவாரத்தின் பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட்டின் அடையாளமோ தண்டர்போல்ட்டின் மின்னல் அடையாளமோ இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கணனியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செருகிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகள் அப்பிள் கணனி வைத்திருந்தால் ஒரு விடயம்: 2020 இல் வந்த எம்-1 சிப் உள்ள மெக்புக்கில் வெளி மொனிட்டர் ஒன்றைத்தான் நேராக இணைக்கலாம். இரண்டாவது வேண்டுமானால் டிஸ்ப்ளேலிங்க் ஒரு வழி. அதன் சொப்ட்வெயாருக்குத் திரையைப் பதிவு செய்யும் அனுமதி கொடுக்கும்படி கேட்கும். படத்தைப் பொதி செய்வதற்காகவே கேட்கிறது, பயப்படத் தேவையில்லை.

டிரைவர் விடயத்தில் கவனம் வேண்டும். விண்டோஸ் 10 இலும் 11 இலும் இன்டர்நெட் இணைப்போடு செருகினால் பெரும்பாலும் டிரைவர் தானாகவே வந்து சேரும். வராவிட்டால் சிப் தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்து எடுங்கள். கண்ட கண்ட இடத்திலிருந்து இறக்கி, கடைக் கணக்கு முழுவதும் இருக்கும் கணனியில் வைரஸை ஏற்ற வேண்டாம். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறேன். இன்னொன்று, டிரைவர் ஓடத் தொடங்கும் வரை அடப்டர் மொனிட்டரில் ஒன்றுமே தெரியாது. கணனி கோளாறாகி இடையில் நின்றால் அந்தத் திரையை வைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்க ஏலாது. அதனால் ஒரு திரையாவது கணனியின் சொந்தத் திரையாக இருக்க வேண்டும்.

செருகிய பிறகு விண்டோஸ் பட்டனையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நாலு தெரிவுகள் வரும். நமக்கு வேண்டியது 'எக்ஸ்டென்ட்', அதாவது திரையை நீட்டுவது. 'டூப்ளிகேட்' என்றால் ஒரே படம் இரண்டு திரையிலும் தெரியும். திரைகள் மேசையில் எப்படி இடம் வலமாக இருக்கின்றனவோ அப்படியே டிஸ்ப்ளே செட்டிங்ஸிலும் இழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மவுஸை வலப்பக்கம் இழுக்க அது இடப்பக்கத்தில் தோன்றும். ஒரு பக்கத்தை அடுத்த திரைக்கு அனுப்ப விண்டோஸ், ஷிப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

இப்படி மூன்று திரைகளோடு இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. பில் போடும் தம்பி வாடிக்கையாளரின் பேரை அடிக்கும்போதே பக்கத்துத் திரையில் பாக்கியும், திரும்பி வந்த செக்கும் தெரியும். கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் போய் ஆளோடு கதைப்பேன். அந்த நாலு இலட்சத்தில் பாதிதான் இன்றுவரை கைக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அப்படி ஒரு தொகை போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் வேறொன்று போனது. ஒரு நாள் மேசையைத் துடைத்த பையன் அடப்டர் வயரை இழுத்துவிட்டான். அடப்டர் கழன்றால் அந்தத் திரையில் இருந்த பக்கம் மற்றத் திரைக்குத் தாவிவிடும். கடன் பக்கம் வந்து பில்லை மறைத்துக்கொண்டு நின்றது. பில் தம்பி பதற்றத்தில் விண்டோஸையும் 'பி'யையும் அழுத்தி, எது எதென்று பாராமல் 'டூப்ளிகேட்'டைத் தெரிவு செய்துவிட்டார். வாடிக்கையாளர் பக்கத்து மொனிட்டரில் எமது கடன் கணக்கு முழுவதும் பேர் பேராக வந்து நின்றது. அரை நிமிடம்தான் இருக்கும். மேல் வரியில் இருந்தவர் பதினைந்து வருட வாடிக்கையாளர், மூன்று மாதப் பாக்கி. அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக் கொண்டிருந்த வீட்டைச் சேர்ந்த ஒருவர் அந்த நேரம் கவுண்டரில் நின்றிருக்கிறார்.

அன்றிரவு தொலைபேசி வந்தது. "என்ட கடன ஊர் பார்க்க எழுதிப் போட்டீங்களா நானா?" என்று மட்டும் கேட்டார். நான் விளக்கம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். மெஷினின் பிழை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அடுத்த வாரம் முழுக் காசையும் கொண்டு வந்து எண்ணி வைத்துவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு போனார். சலாம் சொன்னால் பதில் சொல்கிறார், கடைக்கு வருவதில்லை.

அதன் பிறகு செய்த மாற்றங்களை, மூன்று திரை வைக்க நினைக்கும் சகோதரர்கள் முதல் நாளே செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 11 இல் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் பல திரைகளுக்கான பகுதியில், மொனிட்டர் கழன்றால் அதிலிருந்த பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கி விட்டால் பக்கம் வேறு திரைக்குத் தாவாது. விண்டோஸ் 10 இல் அந்தத் தெரிவு இல்லாததால் கவுண்டர்க் கணனியை மாற்றிக் கொண்டோம். அடப்டரையும் வயரையும் மேசைக்குக் கீழே ஆணி அடித்து இறுக்கினோம். கடன் மொனிட்டர் இப்போது சுவரைப் பார்த்து நிற்கிறது. அதில் யாருடைய பேரும் இல்லை, கணக்கு இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் யாருடையது என்ற கொப்பி என் லாச்சியில் இருக்கிறது. பில் போடும் தம்பிக்கு அது தேவைப்படுவதில்லை, இருநூறு இலக்கங்களும் அவருக்கு மனப்பாடம்.